மூன்றாம் பால் இடது ஓரம்

கோமு அக்கா அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு மணி நேரம் அடுக்குவாள். உப்பு வலது கைக்குக் கிட்ட. அதை அடுத்து மஞ்சள், பெருங்காயம், கடுகு. கரண்டிகளின் காம்பு தன்னைப் பார்த்து இருக்க வேண்டும். நறுக்கிய காய்கள் தனித்தனித் தட்டில், வேக நேரமெடுப்பது முதலில். எல்லாம் வைத்தானதும் ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் தொட்டுக்கொண்டே ஒரு நடை போவாள்.

"கோமு சமையல்னா அடுக்களை ஆஸ்பத்திரி கணக்கால்லா இருக்கும்" என்று அம்பாசமுத்திரத்துச் சைவ வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். கல்யாணம், வளைகாப்பு எதுவானாலும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக அவளுக்கு நறுக்கிக் கொடுப்பதும் அரைத்துக் கொடுப்பதும் நான்தான்.

அவள் அப்படி அடுக்குவது கடைசி இரண்டு வருஷமாகத்தான். முன்பெல்லாம் கைக்கு வந்ததை எடுத்துப் போடுவாள். ஒரு நாள் பழுத்த மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு, "இது பச்சையாட்டி, பழமா?" என்று கேட்டாள். நல்ல வெயில் நேரம். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அந்தப் பார்வையும் அவளுக்குத் தெரியவில்லை.

சர்க்கரை நோய் கண்ணுக்குள் போய்விட்டது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும். அவ்வளவுதான்.

"யார்கிட்டயும் மூச்சு விட்டுராத" என்றாள். "கண்ணு தெரியாதவ கையில எண்ணெய்ச் சட்டிய யாருட்டி குடுப்பாவ? வீட்டுல உக்காத்தி வச்சிருவாவ. அது என்னால ஆகாது."

நான் மூச்சு விடவில்லை. நான் எதையும் யாரிடமும் சொல்கிறவள் இல்லை.

போன தை மாதம் ராஜராஜேஸ்வரி அம்மா வீட்டில் மறுவீட்டு விருந்து. மகள் கல்யாணம் முந்தின நாள் மண்டபத்தில் முடிந்திருந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து சொதி சாப்பிட வேண்டும். கல்யாணச் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள், மறுவீட்டுச் சொதியை மறக்க மாட்டார்கள். சொதி தேங்காய்ப் பாலில் செய்வது. தேங்காயை மூன்று தடவை அரைத்துப் பிழிந்து, தண்ணியான மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, பிறகு இரண்டாம் பால் விட்டு, எல்லாம் வெந்ததும் கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து போகும்.

கொல்லையில் பந்தல் போட்டு அடுப்பு வைத்திருந்தார்கள். எழுபது தேங்காய்ப் பால் மூன்று போணிப் பாத்திரங்களில் இருந்தது. வாடகைக் கடைப் போணிகள், மூன்றும் ஒரே அச்சு, ஒரே மூடி. இடது ஓரம் மூன்றாம் பால், நடுவில் இரண்டாம் பால், வலது ஓரம் முதல் பால்.

"ஒண்ணுல ஒரு நூலாவது கட்டி வைப்போமா?" என்று கேட்டேன்.

"நூல் கட்டினா எதுக்குன்னு கேப்பாவ. வரிசை போதும்."

விருந்துச் சமையலை வாயில் வைத்துப் பார்க்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. விரல் விட்டுப் பார்த்தாலும் எச்சில் என்பார்கள். அதனால் வரிசை ஒன்றுதான் அவளுக்குக் கண்.

அக்கா கை கழுவக் குழாயடிக்குப் போன நேரம் ராஜராஜேஸ்வரி அம்மா வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. "வீடியோக்காரர் வாராரு. அடுக்களை கொஞ்சம் லட்சணமா இருக்கட்டும்" என்று கறிவேப்பிலைக் கட்டைத் தள்ளிவைத்தாள். போணிகளின் மூடியைத் திறந்து பார்த்தாள். முதல் பால் வெள்ளை வெளேரென்று இருந்தது. "இதுதான் பாக்க நல்லாருக்கு" என்று அதை இடது ஓரத்துக்கு இழுத்து, மூன்றாம் பாலை வலது ஓரத்துக்குத் தள்ளி, மறுபடி மூடினாள்.

நான் மூன்றடி தூரத்தில் இஞ்சி சீவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, மாத்தாதீய" என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். அக்கா வந்ததும் காதோடு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அக்கா வரும்போது கூடவே வீடியோக்காரர் மெர்வினும் வந்துவிட்டார்.

"அக்கா, கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிங்க."

அக்கா சிரித்தாள்.

"அங்கன இல்லக்கா, இங்கன! மாமரத்துக்கு எதுக்கு சிரிக்கிய?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்துக்கொண்டே இடது ஓரத்துப் போணியைத் திறந்து, செம்பை விட்டு மொண்டு உருளியில் ஊற்றத் தொடங்கினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் இஞ்சியைச் சீவிக்கொண்டே இருந்தேன்.

நாலாவது செம்பில் அவள் கை தயங்கியது. பால் கனத்து விழுந்ததை உணர்ந்திருப்பாள். ஆனாலும் கேமராவுக்கு முன்னால் விரலை விட்டுப் பார்க்க முடியாது. வரிசையை நம்பி முழுவதையும் ஊற்றினாள்.

மெர்வின் போனபின், கொதித்த பாலில் எண்ணெய் பிரிகிற வாடை உருளியிலிருந்து வந்தது.

"பாலம்மா," என்றாள் பைய. "இது எந்தப் பாலுட்டி?"

"மொதப் பால்."

அவள் கரண்டியை உருளி விளிம்பில் வைத்தாள். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. வேறு தேங்காய் உடைக்க நேரமில்லை. மிச்சமிருந்ததை ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கினோம்.

பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஐயம்பெருமாள் முதல் வாய் வைத்துவிட்டு உரக்கச் சொன்னார். "சம்பந்தியம்மா, சொதி போடுவியன்னுல்லா வந்தோம். இது மோர்க்குழம்புல்லா!"

"மோர்க்குழம்புன்னா புளிப்பாவது ஒழுங்கா இருக்கும்வே" என்றார் பக்கத்து இலைக்காரர். வரிசை முழுக்கச் சிரிப்பு.

ராஜராஜேஸ்வரி அம்மா ஒரு கரண்டியில் சொதியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். கண் நிறைந்திருந்தது. கரண்டியை அக்கா நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"திரிதிரியா மிதக்கே, கோமு. இது உங்க கண்ணுக்குத் தெரியலையா? பாருங்க!"

அக்கா பார்த்தாள். குரல் வந்த இடத்தைப் பார்த்தாள். கரண்டி அதற்கு ஒரு முழம் கீழே இருந்தது.

ராஜராஜேஸ்வரி அம்மா கரண்டியைப் பைய வலது பக்கம் நகர்த்தினாள். அக்காவின் கண் அசையவில்லை. இடது பக்கம் நகர்த்தினாள். வாசலில் எட்டிப் பார்த்த இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ, இவ்வளவு நாளா…" என்று மட்டும் அந்த அம்மா சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார இடம் கிடைத்தபின் அக்கா கேட்டாள்.

"யாரு மாத்தினா?"

"அந்த அம்மாதான்."

"நீ எங்க இருந்த?"

"அங்கனதான் இருந்தேன்."

இறங்கும்போது நான் கையை நீட்டினேன். அவள் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு தானாக இறங்கினாள்.

பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அக்கா மகள் விஜயஸ்ரீ ஜவுளிக்கடை வேலைக்குப் போகும்போது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். "சேலையில தீ புடிச்சா யாரு பாப்பா?" என்கிறாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை.

போன வாரம் மத்தியானம் போயிருந்தேன். அக்கா பற்றாத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காய் நறுக்கியிருந்தது. கரண்டிக் காம்புகள் அவளைப் பார்த்து இருந்தன. விஜயஸ்ரீ சாயங்காலம் வந்து கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுச் சமைப்பாள். அது அக்காவுக்கும் தெரியும்.

"யாரு, பாலம்மாவா? எல்லாம் வரிசையா இருக்காட்டி?"

உப்புச் சாடி ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அந்த இடத்தில் பெருங்காய டப்பா. காலையில் மகள் மாற்றி வைத்துப் போயிருக்க வேண்டும்.

"இல்லக்கா. உப்ப ஜன்னல் பக்கம் வச்சிருக்கா" என்றேன்.

அவள் என் குரல் வந்த திக்கில் முகத்தைத் திருப்பினாள். "சரி" என்றாள். கையை நீட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, உப்பிலிருந்து மறுபடி அடுக்கத் தொடங்கினாள். விஜயஸ்ரீ வர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.