பாறை மேல் கேட்ட சலாம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிறவன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். தினமும் படுக்கப் போகும் முன் அன்று நடந்ததை மணிக்கணக்கோடு நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் வழக்கம். இதைச் சொல்வதால் எனக்கு இப்போது அந்த நம்பிக்கை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்பு டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க நினைத்த சிலர், டென்மார்க் தேசத்தில் குடியானவர்களுக்கென்றே பள்ளிகள் நடக்கின்றன, போய்ப் பார்த்து வாருங்கள் என்று மதுரையிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவன் நான். மற்றவர் செய்யது பாய், காஜிமார் தெருக்காரர், நல்ல தச்சர். பிள்ளைகளுக்கு மரவேலை கற்றுத்தரும் முறையை அவர் பார்த்துவர வேண்டும் என்று ஏற்பாடு.

பாய் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. கொழும்பில் கப்பல் ஏறிய மூன்றாம் நாள் அவரே சொன்னார். அவருடைய தம்பி இஸ்மாயில் உளியைத் தொடமாட்டேன், கப்பலில்தான் வேலை பார்ப்பேன் என்று அடம்பிடித்திருக்கிறான். வீட்டில் பெரிய சண்டை. ஒருநாள் காலை துணி மூட்டையோடு வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும், அண்ணே" என்று சொல்லியிருக்கிறான். பாய் கோபத்தில் மரத்தை இழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், பதில் சொல்லவில்லை. அவன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனவன்தான், ஏழு வருஷமாகத் தகவல் இல்லை.

"சலாத்துக்குப் பதில் சொல்றது கடமைண்ணே. விரோதி சொன்னாலும் சொல்லணும். நான் கூடப்பொறந்தவனுக்குச் சொல்லல. அம்மா உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்தாக. அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு போடுவாக, பேச மாட்டாக."

ஏடனிலும் சூயஸிலும் கப்பல் நின்ற எல்லா ஊரிலும் அவர் இறங்கிப்போய், துறைமுகத்தில் நம் பக்கத்து ஆட்கள் யார் இருந்தாலும் விசாரித்தார். நானும் கூடப் போனேன். யாருக்கும் தெரியவில்லை.

டென்மார்க்கில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடம் இருந்தது ஒரு சின்னத் தீவில். அவனியாபுரத்திலிருந்து மீனாட்சி கோயிலுக்கு நடக்கிற ஒரு மணி நேரத்தில் தீவைக் குறுக்கே கடந்துவிடலாம். அதன் கிழக்கு ஓரத்தில் கடலை ஒட்டி வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது, நம் தெற்குக் கோபுரத்தில் பாதி உயரம் இருக்கும். உச்சியில் ஒரு பெஞ்சு, முன்னால் இடுப்புயர மரக்கிராதி. அங்கே நின்று கடலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அடிவாரத்துப் பண்ணைவீட்டு அம்மாள் வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக்கொடுப்பாள்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். இருவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியை அடைந்தபோது மாலை ஏழு ஐந்து. நம் ஊரில் விளக்கு வைத்திருப்பார்கள், அங்கே வெயில் நம் நாலு மணி வெயில் போல அடித்தது.

"இந்த ஊரு சூரியனுக்கு வீட்டுக்குப் போற நெனப்பே இல்லண்ணே. மஃரிபு தொழுகணும்னு நானும் வந்த நாள்லேர்ந்து காத்துக்கிட்டுக் கெடக்கேன், அது எறங்குனாத்தான?" என்றார் பாய்.

"ஒம்பது மணி வரைக்கும் பொறுங்க பாய்."

"அதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துரும். இவுக எப்புடித்தான் பொழைக்கிறாகளோ."

கீழே கடல் பச்சையாக இருந்தது, பாறை ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பு கரைந்து பாலாகத் தெரிந்தது. தூரத்தில் ஒரு பாய்மரக் கப்பல். இதையெல்லாம் நான் குறித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி வந்தது. கடலோரத்தில் இப்படி வரும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. ஐந்து நிமிஷத்தில் கடல் மறைந்தது, அப்புறம் கிராதி மறைந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாயின் தொப்பி மட்டும் தெரிந்தது. காற்று இல்லை, அலைச் சத்தம்கூட அடங்கிவிட்டது. கடிகாரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன், ஏழு இருபத்தெட்டு.

அப்போது எங்களுக்கு முன்னால், கடல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. சத்தம் போட்டுக் கூப்பிடுகிற குரல் இல்லை, வீட்டு வாசலில் நின்று சொல்கிற மாதிரி.

"அஸ்ஸலாமு அலைக்கும், அண்ணே."

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், என் இரண்டு காதாலும் கேட்டேன். மதுரைப் பேச்சு. கிராதிக்கு அந்தப் பக்கம் கால் வைக்க இடம் கிடையாது, நேரே எண்பது அடி கீழே கல்.

பாய் எழுந்து ஒரு காலைக் கிராதிக்கு மேல் போட்டுவிட்டார். நான் அவர் கோட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பாய், அங்கிட்டுத் தரை இல்ல."

"தெரியும்ணே, விடுங்க."

"விட மாட்டேன். இங்க நின்னே சொல்லுங்க."

அவர் அப்படியே நின்று, நிதானமாக, "வஅலைக்கும் ஸலாம், தம்பி" என்றார். பிறகு காலைத் திருப்பி இந்தப் பக்கம் வைத்தார். எனக்குக் கை மரத்துப்போயிருந்தது.

பனி விலகக் காத்திராமல் இறங்கிவிட்டோம். ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். பண்ணைவீட்டுக்கு வரும்போது எட்டு மணி. அந்த அம்மாள் காப்பி கொண்டுவந்தாள், உட்கார்ந்து குடித்தோம், பள்ளிக்குத் திரும்பினோம். வழக்கம்போல எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை பண்ணைவீட்டில் விட்டுவந்த குடையை எடுக்க, ஆங்கிலம் தெரிந்த ஒரு ஆசிரியரோடு போனேன். அந்த அம்மாள் ஏதோ கேட்டாள், ஆசிரியர் மொழிபெயர்த்தார்: மற்ற இரண்டு பேரும் வரவில்லையா?

எந்த இரண்டு பேர் என்றேன். நேற்று மூன்று பேர்தானே இறங்கி வந்தீர்கள், மூன்று கோப்பை வைத்தேனே என்றாள். மூன்றாவது ஆள் எப்படி இருந்தார் என்று கேட்கச் சொன்னேன். உங்களைப் போலத்தான் என்றாள். அந்தத் தீவில் எங்களைப் போல வேறு யாரும் கிடையாது.

ஏதோ கணக்குப் பிசகியிருக்கிறாள் என்றுதான் அறைக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். என் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல்: 'எட்டு மணி. மூவரும் காப்பி குடித்தோம்.'

அதை நான் பாயிடம் காட்டவில்லை. அவரும் அந்த மாலையைப் பற்றிப் பேசவில்லை. திரும்பி வரும்போது ஏடனில் அவர் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. விசாரிக்கப் போகலையா பாய் என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? பதிலு போய்ச் சேந்துருச்சு."

மதுரைக்கு வந்து பத்து நாள் கழித்து பாய் என் வீட்டுக்கு வந்தார். தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா நம்பவில்லை, வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வா என்று பக்கத்து வீட்டம்மாள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். போனேன். பாயின் அம்மா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"தம்பி, பொய் சொல்ல மாட்டீகன்னு ஊரே சொல்லுது. எம்மகன் சலாம் சொன்னானா?"

"சொன்னாரும்மா. நான் கேட்டேன்."

"இவன் பதில் சொன்னானா?"

"சொன்னாரு."

"பெறகு?"

என்ன சொல்வதென்று தெரியாமல் நாட்குறிப்பில் இருந்ததைச் சொன்னேன். "மூணு பேரும் காப்பி குடிச்சோம்மா."

குரல் கதவுக்கு இன்னும் பக்கத்தில் கேட்டது. "சீனி போட்டுக்கிட்டானா?"

"இல்லம்மா. போடல."

கேட்டவுடன் சொல்லிவிட்டேன், யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் எனக்கு வியர்த்தது.

"போட மாட்டான். சின்னதுலேர்ந்தே போட மாட்டான்" என்றார். பிறகு சற்று உரத்த குரலில், "செய்யது, வாத்தியாருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாந்து குடுப்பா" என்றார். பாய் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

இஸ்மாயிலைப் பற்றி இன்றுவரை தகவல் எதுவும் இல்லை. அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, அவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தப் பண்ணைவீட்டு மேஜையில் சீனிக் கிண்ணத்தை நான் நகர்த்தியதும், ஒரு கை அதை மெதுவாக என் பக்கம் திருப்பித் தள்ளியதும் இப்போதும் நினைவில் இருக்கிறது. பாய் எப்போதும் மூன்று கரண்டி போடுகிறவர்.