திருப்பிப் பிடித்த பாங்கோ

ஏழு வருடங்களுக்கு முன், சரவணம்பட்டியில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மூன்று மாதமாகியும் என் பெயர் பக்கத்து இருக்கைக்காரருக்கே தெரியாது. ஆண்டு விழாவுக்கு ஆள் தேடியபோது, எப்படியாவது எல்லோரும் என்னைக் கவனிக்க வேண்டும் என்ற ஆசையில், "எனக்கு பாங்கோ வாசிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை அந்த ஜோடி மேளத்தைத் தொட்டதுகூட இல்லை. விழாவுக்கு இரண்டே வாரம்!

சனிக்கிழமை டவுன்ஹால் பக்கம் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். இருந்ததிலேயே பெரியதாக, வெள்ளி வளையம் பளபளக்கும் கறுப்பு பாங்கோவைக் காட்டி, "இதைப் பேக் பண்ணுங்க" என்றேன்.

தன் பாங்கோவுக்குத் தோல் மாற்ற வந்திருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிப்பவர் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, உக்காந்து முழங்காலுக்கு நடுவுல வெச்சுத் தட்டிப் பாக்காம எடுக்கறீங்களே? இப்பத்தான் பழகறீங்களா?"

"இல்லைங்க, ரெண்டு வருஷமா வாசிக்கறேன்" என்று கூசாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முழங்கால்களுக்கு நடுவிலிருந்த பாங்கோவை மெல்ல எடுத்துத் திருப்பி வைத்தார். "சின்ன மேளம் இடது கைப் பக்கம் வரோணுங்க" என்றார் தணிந்த குரலில்.

காதெல்லாம் சூடாகிவிட்டது. நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன்.

அந்தக் கறுப்பு பாங்கோவை ஒதுக்கிவிட்டு, அலங்காரமில்லாத சிறிய மர பாங்கோ ஒன்றை எடுத்து, விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டினார். "இந்த ஓரம் கூரா இருந்தா விரல் புண்ணாப்போயிருமுங்க." அதன் இரண்டு மேளங்களையும் மாறி மாறித் தட்டி, சத்தம் வேறு வேறாகக் கேட்கிறதா என்று என்னையே சொல்லச் சொன்னார். அங்கேயே எளிய தாளம் ஒன்றையும் பழக்கினார். நான் அதை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "ரெண்டு வாரத்துல இதுக்கு மேல வராதுங்க. ஆபீசுல உண்மையைச் சொல்லிப்போடுங்க" என்றார்.

திங்கட்கிழமை சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடவிருந்த பெண் மட்டும், "அந்த ஒரு தாளம் வருமில்ல? அதுக்கு ஏத்த பாட்டா எடுத்துக்கலாம்" என்றாள். மேடையில் ஓரிடத்தில் தடுமாறினேன். அவள் அடுத்த வரியைக் கொஞ்சம் நிதானமாக எடுத்து, நான் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

இன்று வேறு வேலை, வேறு வீடு. அந்த பாங்கோ மட்டும் கூடவே வருகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இப்போதெல்லாம் நான் கூச்சப்படுவதில்லை. அன்று கடையில் அதைச் சொல்ல வைத்தவரின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேனே என்பதுதான் இன்னமும் மனதை உறுத்துகிறது.