வாய்க்கால் குடித்த தண்ணீர்

எங்கள் மாமாவுக்கு ஒரு வியாதி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் "அப்படின்னா என்ன?" என்று கேட்டுவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் குணத்தில் தங்கம் என்றவர்களிடம் குணம் என்றால் என்ன என்று கேட்டு, காபியை முடிக்காமலே திரும்பி வந்தவர். தம்பியை நினைத்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ அவரை விட்டால் உலகத்தில் அறிவாளியே கிடையாது.

குத்தகைக்காரர்கள் பெயரெல்லாம் சர்க்கார் பதிவேட்டில் ஏறிய பிறகு வந்த தண்ணீர்ப் பஞ்ச வருஷம் அது. அதுவரை மடையைத் திறப்பதிலும் அடைப்பதிலும் மிராசுதார் வைத்ததுதான் சட்டம். இப்போது முறை வைப்பது எங்கள் ஆட்கள் கையில். ஆற்றில் தண்ணீர் நூலாக ஓடுகிறது, வயலிலோ கதிர் பால் பிடிக்கும் நேரம். படிப்பகத்தில் கூட்டம் போட்டு, நீதியாகப் பங்கு போடலாம் என்றார்கள். மாமா விடுவாரா? நீதி என்றால் என்ன, அதை முதலில் சொல்லுங்க என்று எழுந்து நின்றுவிட்டார்.

நிலத்துக்குத் தக்கபடி என்றார் ஒருவர். அப்படியானால் மிராசுதார்தான் பெரிய நீதிமான் என்றார் மாமா. தேவைக்குத் தக்கபடி என்றார் இன்னொருவர். எனக்குத் தேவை குறைச்சல் என்று சொல்கிறவர் கை தூக்கலாம் என்றார் மாமா. ஒரு கையும் எழவில்லை. கடைசியில் அவரே கரும்பலகையில் எழுதினார்: நீதி என்றால் எல்லாருக்கும் ஒரே நேரம். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முடிவாயிற்று. நான் கைதட்டிய தட்டலில் உள்ளங்கை சிவந்துபோனது.

வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் மாமா வயல். அது முடிகிற கடைமடையில் அவருடைய மூத்த அக்கா, எங்கள் பெரியம்மாவின் வயல். மேலே இருந்து ஒவ்வொருவராகப் பாய்ச்சி, பெரியம்மாவின் முறை வந்தபோது எல்லாரும் வரப்பில் நின்றோம். மாமா கையில் அலாரம் கடிகாரம். தண்ணீர் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. முந்தின வயலுக்குக் கீழே நெடுந்தூரம் காய்ந்து கிடந்த வாய்க்காலில் வெடிப்புக்கு வெடிப்பு, நண்டு வளைக்கு நண்டு வளை நின்று குடித்துவிட்டு, அது பெரியம்மாவின் மடைவாயை நனைக்கும்போது அலாரம் அடித்துவிட்டது.

பெரியம்மா கத்தவில்லை. "எனக்கு ரெண்டு மணி நேரம் கொடுத்தே தம்பி, சரி. வாய்க்கால் குடிச்சுதே, அது யாரோட பங்கு?"

மாமா ஏதாவது கேள்வி கேட்டு அவளை மடக்கிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் அலாரத்தை அமர்த்தினார். பிறகு, "தெரியலக்கா" என்றார். எனக்கு மானமே போய்விட்டது.

அடுத்து முறை திரும்பவும் தலைமடையில் தொடங்க வேண்டும், அதாவது மாமாவுக்கு. அவர் தன் மடையில் மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து அடைத்துவிட்டு, தண்ணீரை அப்படியே கீழே விட்டார். பெரியம்மாவின் பயிர் பிழைத்தது. அறுப்பில் மாமா தூற்றியதில் பாதி பதர்.

தண்ணீரைக் கீழே விட்ட அன்றைக்கே படிப்பகத்துக்குப் போய், பலகையில் 'நீதி என்றால்' என்பதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அழித்தார். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அவ்வளவு அழகான வாக்கியத்தை யாராவது அழிப்பார்களா? யாரும் இல்லாத நேரம் பார்த்து, பெஞ்சில் ஏறி நின்று, என் கையால் அதைத் திரும்ப எழுதி வைத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். மாமா அதை அழிக்கவில்லை. கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். என் கையெழுத்தில்தான் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார் என்று இரண்டு நாள் அவரோடு நான் பேசவே இல்லை.