புட்டி பூசிய இடம்

மந்தைவெளியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஆரோக்கியராஜைத் தெரியும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கொட்டகை. அதில் எப்போது போனாலும் இரண்டு மூன்று வண்டிகள் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும். ஐம்பத்தெட்டு வயது. சாந்தோம் சர்ச்சைச் சேர்ந்த பங்கில் பிறந்து வளர்ந்தவர். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அக்காக்கள் இருவரும் டீச்சர், மனைவி ஜூலியட்டுக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை. அந்தக் குடும்பத்தில் கையில் கிரீஸோடு வீட்டுக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். அதனாலோ என்னவோ, தன் வேலையை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு. முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வராது. வந்திருக்க வேண்டிய ஒரு நாளிலும் வரவில்லை.

போன வருஷம் ஜனவரியில் டயானா அவரைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். அடையாறு வக்கீல் மர்சலினின் ஒரே மகள். வக்கீல் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போனவற்றில் ஒன்று, 1967இல் இங்கிலாந்தில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. கூரை கிடையாது, மழைக்கு இழுத்து மூட ஒரு துணி மட்டும். முப்பது வருஷமாக அந்த வண்டியைத் தொட்ட ஒரே மெக்கானிக் ஆரோக்கியராஜ். டயானா பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அவரை அங்கிள் என்பாள், அவர் அவளைப் பாப்பா என்பார்.

அப்பாவின் வண்டியைச் செலவு செய்து ஓட்டலாமா, அல்லது கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்பதுதான் அவள் கேள்வி. கணவன் ராம்குமார் புது வண்டிக் கட்சி. நீங்கள் வந்து பேசினால் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அடையாறுக்குப் போனார். ராம்குமார் பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். நிதானமாகப் பேசினான். புது வண்டியில் மோதினால் காற்றுப்பை விரியும், பிரேக் வழுக்காது, எங்கே நின்றாலும் கம்பெனி ஆள் வருவான் என்றான். ஆரோக்கியராஜ் காபியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். அன்று அவர் பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை. புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விலை இறங்கிவிடும், இது ஏறிக்கொண்டே போகும் என்றார். புதியதில் ஒரு சென்சார் போனால் மொத்தப் பெட்டியையும் மாற்றச் சொல்வான், இதை ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே சரிசெய்யலாம் என்றார்.

"புது வண்டியில நீ ஓட்டறேன்னு நெனச்சுப்ப பாப்பா. ஓட்டறது உள்ள இருக்கற கம்ப்யூட்டர். இதுல ரோடு உன் உள்ளங்கையில தெரியும்."

டயானாவின் முகம் மலர்ந்துவிட்டது. ராம்குமார் மட்டும் ஒன்று கேட்டான். வண்டிக்கு அடியில் துரு ஏதாவது இருக்கிறதா என்றான்.

"அது இரும்பு சார். இப்ப வர்ற தகரம் இல்ல," என்றார் ஆரோக்கியராஜ்.

அது கேட்டதற்குப் பதில் இல்லை என்பது ராம்குமாருக்குப் படவில்லை. ஆரோக்கியராஜுக்குத் தெரிந்தது.

விஷயம் இதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சிக்காக வண்டியை நாலே நாளில் பளபளவென்று ஆக்கித் தரச் சொன்னார் வக்கீல். ஆரோக்கியராஜ் அடியில் படுத்துப் பார்த்தபோது, பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையைப் பூட்டும் இடத்தில் பாடி துருப்பிடித்து அப்பளம்போல் நொறுங்கியது. அந்த மாதிரி வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. வெட்டியெடுத்துப் புதிதாகச் செய்ய இரண்டு மாதம் ஆகும். வக்கீலிடம் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார், நல்ல மனிதர். ஆனால் இருபது வருஷம் பார்த்துக்கொண்ட வண்டி உன் கண்ணெதிரிலேயே எப்படி இப்படி ஆனது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, மெல்லிய தகடு ஒன்றை மேலே பற்றவைத்து, மேடு தெரியாமல் புட்டிப் பசை பூசித் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். கண்காட்சியில் வண்டிக்குப் பரிசு கிடைத்தது. அப்புறம் வக்கீல் வருஷத்துக்கு நாலைந்து முறை பீச் ரோடு வரை ஓட்டியதோடு சரி. ஆரோக்கியராஜ் அதை மறக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

பிப்ரவரி முழுக்க வண்டி கொட்டகையில் நின்றது. டயர், பிரேக், வயரிங், துணிக்கூரை என்று எல்லாம் புதிதாக்கினார். அந்த இடத்துக்கு மட்டும் கை போகவில்லை. பிரித்தால் டயானா பார்ப்பாள், ராம்குமார் பார்ப்பான், அன்றைக்கு அடையாறில் பேசியதெல்லாம் சந்தி சிரித்துவிடும். மழைக்காலத்தில் சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் செய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு காலை டயானா வண்டியை எடுத்தாள். ஆரோக்கியராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். திருவான்மியூர் தாண்டி ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஐம்பதில்தான் போனாள். பாலவாக்கத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்னால் மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். வண்டி இடப்பக்கம் வெட்டி இழுத்துக்கொண்டு போய், ரோட்டோரம் மீன் பரப்பியிருந்த பலகையில் மோதி நின்றது. பலகைக்குப் பின்னால் இருந்த கெங்கம்மா, மேலே விழவந்த வெயில்குடையைத் தடுக்கக் கையை நீட்டியவள், அப்படியே சரிந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

கூட்டம் கூடியது. டயானா கெங்கம்மாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஆரோக்கியராஜ் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அவர் வைத்த தகடு கிழிந்து தொங்கியது. நிமிர்ந்தபோது டயானா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் லெஃப்ட்ல ஒடிச்சுட்டேனா அங்கிள்? எனக்கு ஒடிச்ச மாதிரியே தெரியல."

"பதட்டத்துல தெரிஞ்சிருக்காது பாப்பா," என்றார்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்தார். யோசிக்காமல் வந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் டயானா தானாகவே தப்பு தன்மேல் என்றாள். கெங்கம்மா வீட்டார் கேஸ் வேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துக் கட்டியதற்கு டயானாவே செலவு செய்தாள். ஆரோக்கியராஜ் வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் வண்டியைத் தூக்கி வரச் செய்து, கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடினார்.

அதன்பின் டயானா எந்த வண்டியையும் ஓட்டவில்லை. வேலைக்கு ஆட்டோவில் போனாள். ஒருநாள் விட்டு ஒருநாள் பாலவாக்கத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். பதினோராம் நாள் துணைக்கு வரச் சொல்லி ஆரோக்கியராஜையும் கூட்டிப்போனாள். கெங்கம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதத்துக்குக் கத்தி பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஓட்டத் தெரியலன்னா ஏம்மா அந்த வண்டிய எடுத்துக்கினு வர்ற?" என்றாள் கெங்கம்மா. கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.

டயானா தலையைக் குனிந்துகொண்டு, என் தப்புதான்மா என்றாள். கெங்கம்மா இடது கையால் ஒரு டம்ளர் டீயை ஆரோக்கியராஜிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். சூடாக இருந்தது. முழுவதும் குடித்துவிட்டு, நல்லா இருக்குதும்மா என்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போனபோது மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு வாங்க முடியாமல் அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் அவர் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். வெளியே வந்ததும் ஜூலியட் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வண்டியில ஏதோ இருந்துச்சு, இல்ல?"

ஆமாம் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில், டயானா வீட்டுக்கு இப்பவே ஆட்டோ பிடிங்க என்று மட்டும் சொன்னாள்.

அவர் டயானாவைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். தார்ப்பாயை விலக்கி, வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டார்ச்சை அடித்துக் காட்டினார். தகடு, புட்டி, அதற்குப் பின்னால் துரு. நாலு நாள் கதையைச் சொன்னார். நீ ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை, ஒடிந்தது என் வேலைதான் என்றார். டயானா தரையில் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் ஆரோக்கியராஜ்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மனதில் இருந்ததை இறக்கிவைக்க வந்த இடத்தில், செத்துப்போன மனிதன் தோளில் பாதியை ஏற்றிவிட்டிருந்தார். டயானா மெல்லத் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அப்பாவைப் பற்றி அவள் முகத்தில் ஏதோ ஒன்று மாறுவதை அவர் நேராகப் பார்த்தார்.

"இல்ல பாப்பா. அவருக்குத் தெரியாது. இப்ப சொன்னது பொய்."

அவள் எழுந்து நின்றாள். கத்தவில்லை. "பதினஞ்சு நாளா எனக்குத் தூக்கம் இல்ல அங்கிள்," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் பாலவாக்கத்தில் கெங்கம்மாவிடமும் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு இங்கதானே குந்தினு டீ குடிச்ச? அப்ப வாய்ல இன்னா வச்சிருந்த?" என்றாள். கை தேறும்வரை மீன் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் தன் வேனை அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பு, நீ வராதே என்றாள். வேன் மூன்று மாதம் போனது. அவர் போகவில்லை. தான் அடியில் வேலை செய்த மற்ற வண்டிக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். இரண்டு பேர் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜூன் மாதம் டயானா பழைய வண்டியை எடுத்துப்போக லாரி ஏற்பாடு செய்தாள். விற்கவில்லை, புது ஸ்போர்ட்ஸ் காரும் வாங்கவில்லை. ராம்குமார் வீட்டுக்கென்று ஒரு சாதாரணப் புதுக்கார் வாங்கியிருந்தான். அப்பாவின் வண்டியைக் கோயம்புத்தூரில் ஒருவர் பாடி முழுவதையும் வெட்டிச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தாராம். அவருக்குக் கொடுக்க, புட்டி வைத்த இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்டாள்.

ஆரோக்கியராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். ஒரு இடம் என்று நினைத்து வந்தவள், அவர் எழுதிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் புட்டி வைத்த வருஷத்தையும் எழுதினார்.

டயானா வாங்கிப் படித்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் பாப்பா."

அது உண்மை. டயானா தாளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். பிறகு லாரிக்காரரிடம் போய், அங்கே போனதும் வண்டி முழுக்கச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். ஆரோக்கியராஜ் ஸ்டூலைவிட்டு எழுந்து, வண்டி லாரியில் ஏறும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.