நிமிர்ந்து உட்காருங்க அண்ணே

காலை ஏழு இருபது. ஜார்ஜ்டவுன் பட்டறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, நூர்ஜஹான் கையிலிருந்த நீண்ட அலுமினியக் கம்பியை. மறுநாள் பந்தயத்தில் ஓடும் கார்களைப் பரிசோதிப்பவர் அவர். கூரைக்கு அடியில் பொருத்தியிருக்கும் பாதுகாப்புக் கூண்டின் முன்குழாயிலிருந்து பின்குழாய்வரை அந்தக் கம்பியை வைப்பார். ஓட்டுநரின் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். கார் கவிழ்ந்தால் அடியைத் தாங்க வேண்டியது குழாய், தலை அல்ல.

நான் ஆறடி இரண்டங்குலம். சீட்டை இறக்கச் சோம்பல்பட்டு, ஹெல்மெட்டோடு என் பந்தயக் காரில் உட்கார்ந்து கழுத்தை ஆமைபோல் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நிமிர்ந்து உட்காருங்க அண்ணே."

"நான் எப்பவும் இப்படித்தான் மேடம்."

"அப்படியா? ஓகே லா."

கம்பி ஹெல்மெட்டில் படவில்லை. அவர் வாசலைப் பார்த்தார். "அட, பாலா அண்ணன் நாலு டயரும் புதுசா போட்டுட்டு வந்துட்டாரே!"

பாலா என் பரம எதிரி. பழைய டயரில்தான் ஓடப்போவதாக முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் கம்பியில் 'டொக்'கென்று இடித்தது. வாசலில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

"கார் உருளும்போது கழுத்தை இழுக்க டைம் கிடைக்காதுண்ணே. சீட்டை இறக்கிட்டு வாங்க."

அவரை ஏமாற்றுவதாகத்தான் நினைத்தேன். ஏமாற இருந்தது என் மண்டை. முனகிக்கொண்டே மதியம்வரை சீட்டை இறக்கிப் பொருத்தினேன்.

மறுநாள் மூன்றாவது வளைவில் என் கார் கவிழ்ந்தது. கூரைத் தகடு குழாய்வரை நசுங்கியிருந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை.