நடுவில் பேசக் கூடாது

அப்பாவுக்கு எதையும் தலைகீழாகத்தான் எண்ண வரும். பால் பொங்குவதற்கு, நான் ஸ்கூலுக்குக் கிளம்புவதற்கு, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பத்திலிருந்து இறங்கி ஜீரோவில் நிற்பார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் மறுபடி பத்து. அம்மா வேண்டுமென்றே நாலில், "காபி கலக்கட்டுமா?" என்பாள். அவர் முறைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார். மாட்டுங்காவில் எங்கள் இரண்டு ரூம் வீட்டில் அதைவிடப் பெரிய தமாஷ் கிடையாது.

செம்பூரைத் தாண்டி ஒரு சர்க்கார் ஆபீசில் அவருக்கு வேலை. பக்கத்து நாடு அணுகுண்டு வெடித்திருந்த சமயம். நாமும் என்றைக்காவது வெடித்தால் வேண்டியிருக்குமே என்று ஒரு கடிகாரம் செய்துகொண்டிருந்தார்கள். வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கேமராக்கள் ஓட ஆரம்பிக்க வேண்டும், தூரத்துக் கருவிகளுக்கெல்லாம் ஒரே நொடியில் சிக்னல் போக வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவர் இதைச் சொன்னதே அதிகம்.

அம்மாவுக்கு இருதயக் கோளாறு. இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அப்பா லீவு கேட்டார், கிடைக்கவில்லை. அன்று காலையில் கட்டில் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார்.

"போயிட்டு வாங்கோ. நான் எங்கே ஓடிடப் போறேன்?" என்றாள் அம்மா.

மத்தியானம் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. "அப்பா வந்தாச்சா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டாள். துணைக்கு வந்திருந்த சித்தி என்னைக் கீழே விரட்டினாள். தெருமுனை இரானி ஹோட்டலில் போன் இருந்தது.

ஆபீஸ் ஆபரேட்டர் அம்மாளுக்கு என் குரல் பழக்கம். "கவுண்டிங் சாலூ ஹை, பேட்டி" என்றாள். எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கிறது, மகளே என்று அர்த்தம். எண்ண ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் வெளி லைன் தரக் கூடாதாம். நான் அழுதேன். அவள் மனசு இளகி, மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிரு, முடிந்ததும் அவரிடம் சொல்கிறேன் என்று ஹிந்தியில் சொல்லி, எண்ணிக்கை போகும் லைனிலேயே என்னைப் போட்டுவிட்டாள்.

அப்பாவின் குரல். வீட்டில் எண்ணுவது போலவேதான், நிதானமாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு வந்தபோது அம்மாவின் காபி ஞாபகம் வந்தது. நான் கையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டேன். ஜீரோ என்றதும் போனை வைத்துவிட்டு ஓடினேன்.

மேலே போனபோது சித்தி அம்மாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்பா பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சாஸ்திரிகளும் பஞ்சாங்கத்தோடு வந்திருந்தார். "இன்னிக்கு மத்தியானம் ஏகாதசி முடிஞ்சு துவாதசி வந்துடறது. பிராணன் எத்தனை மணிக்குப் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் திதி சொல்ல முடியும்" என்றார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. சித்தி அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ரேடியோவோடு சரிபார்த்துச் சாவி கொடுப்பவர் அப்பா. அந்த ஞாயிறு அம்மாவின் கவலையில் மறந்துவிட்டார்.

"இவ போன் பண்ணிண்டிருக்கச்சேதான் போயிட்டா" என்றாள் சித்தி.

அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ ஜீரோ சொன்னதும் வச்சுட்டு ஓடி வந்தேன்ப்பா" என்றேன்.

"லைன்லயா இருந்தே? ஏன்டீ கூப்பிடலை?"

"நடுவுல பேசினா நீ மறுபடி முதல்லேர்ந்து எண்ணுவியே."

அவர் சாஸ்திரிகள் பக்கம் திரும்பி, தான் ஜீரோ சொன்ன நேரத்தைச் சொன்னார், மணி, நிமிஷம், நொடி எல்லாம். சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, "அப்போ ஏகாதசிதான்" என்றார். இன்றும் அந்தத் திதியில்தான் அம்மாவுக்குச் சிராத்தம் நடக்கிறது.

அதற்கப்புறம் வீட்டில் அவர் எண்ணி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த ஆபீஸ் மேல் உள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வருஷங்கள் கழித்து, அன்று ஜீரோவில் என்னதான் வெடித்தது என்று கேட்டேன்.

ஒன்றும் வெடிக்கவில்லையாம். வெறும் ஒத்திகை. சிக்னல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க, அந்தக் கோடியில் ஒரு பல்பை மாட்டியிருந்தார்களாம்.

"எரிஞ்சுது" என்றார் அப்பா.