என் கையில் சவரக்கத்தி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடி சலூனுக்குப் போன அன்றே முதலாளி என் ரேசரை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். கண்டி டவுனில் எத்தனையோ வருஷமாக முகம் வழித்த கை இது. "கத்தரிக்கோல் வேல மட்டும் பாருங்க. ஆளுங்க பயப்படுறாங்க" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தரிக்கோல் மட்டும் குத்தாதா? முடி வெட்ட என்னிடம் தலையைக் கொடுத்தவர்கள், ஷேவ் என்றதும் அடுத்த கதிரைக்கு ஓடினார்கள். டிவியில் எங்கேயாவது வெட்டு, கொலை என்று செய்தி வந்தால் போதும். "மனநோயாளியாத்தான் இருக்கும்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார்கள்.

சுகமில்லாமல் கிடந்த காலத்தில் நான் ஓர் ஈ எறும்பைக்கூட அடித்ததில்லை. காதுக்குள் குரல்கள் கேட்டன, உண்மைதான். அவை திட்டியது என்னை. பயந்துபோய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்து கிடந்தவன் நான். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு வெள்ளிக்கிழமை, பழைய வாடிக்கைக்காரரான துணிக்கடை முஸ்லிம் பெரியவர் வந்தார். மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து அன்று ஏழாம் நாள். அவர்கள் வழக்கப்படி பிள்ளைக்குத் தலைமுடி இறக்க வேண்டும். மூத்த பேரனுக்கு இறக்கியவன் நான்தான். முதலாளியோ வேறு ஆளை அனுப்பப் பார்த்தார். பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு மகளுக்கு போன் எடுத்து விஷயத்தைச் சொன்னார். அவள் பதில் எனக்கே கேட்டது.

"அவரையே கூட்டிட்டு வாங்க வாப்பா."

முதலாளி லாச்சியைத் திறந்து ரேசரைத் தந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் வீடு. நான் உட்கார்ந்ததும் பிள்ளையின் தகப்பனும் அவருடைய அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பொலிஸ்காரர் மாதிரி ஒட்டி நின்றார்கள். "தள்ளி நில்லுங்க ஐயா, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றேன். அசையவில்லை. பெரியவரின் மனைவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டார், தரவில்லை.

"பைத்தியத்துக்கு மருந்து குடிக்கிற ஆள்ட கையில பச்சப் புள்ளயா? யா அல்லாஹ்!"

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ரேசரை மடக்கிக்கொண்டு எழும்பினேன்.

"இரிங்க அண்ணே" என்று அறைக்குள்ளிருந்து மகள் வந்தாள். தாயின் முன்னால் போய் நின்றாள். "உம்மா, மூத்தவன் பொறந்த நேரம் நானும்தானே அந்த மருந்து குடிச்சேன்? அப்ப நீங்க எல்லாரும் புள்ளய என்ட கையில தரல்ல. நான் கழுத்த நெரிச்சிடுவேன்னு பயந்தீங்க. பால் கட்டி, அழுதழுது கெடந்தது நான். நான் யாருக்கு என்ன செஞ்சேன்?"

தாயின் கண் கலங்கிவிட்டது. மகள் பிள்ளையை வாங்கிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். பிள்ளையின் தலையை உள்ளங்கையில் தாங்கி என் பக்கம் நீட்டினாள்.

"வழிங்க."

கை நடுங்குமோ என்று எனக்கே ஒரு சந்தேகம். அட, நடுங்கவேயில்லை! வெதுவெதுப்பான தண்ணீரால் தலையை நனைத்தேன். உச்சிக்குழி துடிக்கிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூப்போல வழித்தேன். பிள்ளை கொட்டாவி விட்டுத் தூங்கியே போனது. ஒரு கீறல் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. பாட்டிக்காரி அரைத்த சந்தனத்தைக் கொண்டுவந்து அந்த மொட்டைத் தலையில் பூசினார். என்னைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார்.

காவல் நின்ற அண்ணன்காரர் அசடு வழியச் சிரித்தபடி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டையை நீட்டினார்.

"அப்படியே எனக்கும் தாடிக்குக் கீழ எடுத்துவிடுங்க."

"பயமில்லையா?" என்றேன்.

"பேசாம வழிங்க அண்ணே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.